வாடகைக்கு வந்த மாலுமி

கல்லாவி, ஊத்தங்கரை, போச்சம்பள்ளி பக்கம் 2000-களில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு ‘டி.வி. கேம்’ என்றால் விளக்கம் தேவையில்லை. சந்தையிலோ திருவிழாக் கடையிலோ வாங்கிய பிளாஸ்டிக் பெட்டி, வயர் அறுந்து டேப் சுற்றிய ரெண்டு ரிமோட், கூடவே ஒரு மஞ்சள் கேசட். கேசட் மேலே ‘999999 இன் 1’ என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் இருபதோ முப்பதோ கேம்தான் தேறும். மிச்சமெல்லாம் அதே கேம் திரும்பத் திரும்ப வருவது. ஓடவில்லை என்றால் கேசட்டைக் கழற்றி வாயால் ‘ஃபூ’ என்று ஊதிப் போட வேண்டும். மானிட்டர், ஜாய்ஸ்டிக் என்ற வார்த்தை எல்லாம் பிறகு கற்றுக்கொண்டது. அன்றைக்குக் கரண்ட் இருந்தால் கேம், போனால் தெருவில் கள்ளன்-போலீஸ். அவ்வளவுதான்.

அந்தக் கேசட்டுகள் பலவற்றில் பாப்பாய் இருந்தான். அதே கேசட்டில் நாலு வரி தள்ளி டாங்கி காங்கும் இருந்தது. ரெண்டையும் மாற்றி மாற்றி ஆடிய எத்தனை பேருக்கு இந்த ரெண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்று தெரியும்? ஒன்று வாடகை வீட்டிலும் இன்னொன்று சொந்த வீட்டிலும் வளர்ந்தது. அதனால் அவற்றின் தலையெழுத்து எப்படி மாறிப்போனது என்பதுதான் இந்தக் கட்டுரை. கேமைப் பற்றி ஆரம்பித்துக் கடைசியில் ஓசூர், கல்லாவி என்று வந்து நிற்கும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள் :-)

முதலில் அந்த கேம்

பாப்பாய் ஆர்கேட் கேமை நிண்டெண்டோ 1982-ல் வெளியிட்டது. வடிவமைத்தவர்கள் ஷிகெரு மியாமோட்டோவும் கென்யோ டகேடாவும். கதை ரொம்ப சிம்பிள். மேல்மாடத்தில் நின்றுகொண்டு ஆலிவ் ஆயில் இதயங்களைக் கீழே போடுவாள். அவை காற்றில் ஆடி ஆடி இறங்கும். தண்ணீரில் விழுந்து மூழ்குவதற்குள் பாப்பாய் பொறுக்க வேண்டும். பின்னாலேயே தடியன் புரூட்டஸ் துரத்துவான். அடுத்த கட்டத்தில் இசைக்குறிகள் விழும். அதற்கடுத்துக் கப்பல், அங்கே எழுத்துகள். மறுபடி முதலிலிருந்து, இன்னும் வேகமாக.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், பாப்பாயால் குதிக்க முடியாது. மரியோ கேம் ஆடிப் பழகின கை குதிக்கிற பட்டனைத் தேடும், கிடைக்காது. படியில் ஏறலாம், இறங்கலாம், ஓடலாம், பாட்டில் பறந்து வந்தால் குத்தி உடைக்கலாம். ஆனால் புரூட்டஸைக் குத்த முடியாது. அவன் கைக்கு எட்டினால் கதை முடிந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு கீரை டப்பா வரும். அதைப் பிடித்துவிட்டால் சில விநாடிகளுக்கு எல்லாம் தலைகீழ். துரத்தினவன் ஓடுவான், ஓடினவன் துரத்துவான்.

துரத்தல் கேம்களின் உயிரே இந்தத் தலைகீழ் மாற்றத்தில்தான் இருக்கிறது. 1980-ல் வந்த பேக்-மேனிலும் இதேதான். பெரிய புள்ளியைத் தின்றதும் பேய்கள் நீலமாகி ஓடும். அந்த யோசனையே பாப்பாயின் கீரையிலிருந்து வந்ததாக பேக்-மேனை உருவாக்கிய டோரு இவாடானி சொல்லியிருக்கிறார். அதாவது பாப்பாய் பேரில் கேம் வருவதற்கு முன்பே பாப்பாயின் கீரை ஆர்கேட்டுக்குள் நுழைந்துவிட்டது!

பாப்பாய் என்ற பாத்திரம் பிறந்தது அதற்கெல்லாம் ரொம்ப முன்னால். 1929 ஜனவரி 17 அன்று எல்சி சீகர் வரைந்த ஒரு செய்தித்தாள் படத்தொடரில் சும்மா தலைகாட்டிவிட்டுப் போக வந்த மாலுமி அவன். மக்களுக்குப் பிடித்துப்போய் தொடரையே தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்டான். 1933-ல் ஃபிளைஷர் ஸ்டுடியோ கார்ட்டூன் படமாக எடுத்தது. நம்ம வீடுகளுக்குக் கேபிளில் கார்ட்டூன் நெட்வொர்க் வழியாக வந்தது அதற்கும் அறுபது வருடம் கழித்து.

கிடைக்காமல் போன லைசென்ஸ்

இப்போது 1980-க்குப் போவோம். நிண்டெண்டோவின் அமெரிக்கக் கிளை அப்போதுதான் தொடங்கியிருந்தது. ‘ரேடார் ஸ்கோப்’ என்று ஒரு விண்வெளிச் சுடும் கேம். ஜப்பானில் நன்றாகப் போகிறதே என்று 3,000 பெட்டிகளை அமெரிக்காவுக்கு வரவழைத்தார்கள். கப்பலில் போய்ச் சேருவதற்குள் மவுசு போய்விட்டது. விற்றது சுமார் 1,000. மீதி 2,000 பெட்டி கிடங்கில் தூசு படிந்து கிடந்தது. வணிகவியல் படித்தவர்களுக்கு இதன் வலி புரியும். விற்காத சரக்கு, அடைபட்ட முதல், ஏறிக்கொண்டே போகும் கிடங்கு வாடகை.

அந்தப் பெட்டிகளுக்குள் வேறு கேம் போட்டு விற்றுவிடலாம் என்று தலைமை முடிவு செய்தது. அதுவரை ஒரு கேமையும் தனியாக வடிவமைத்திராத மியாமோட்டோவிடம் பொறுப்பு போனது. மேலே கன்பெய் யோகோய் மேற்பார்வை. முதலில் போட்ட திட்டம் பாப்பாய். பாப்பாய், புளூட்டோ, ஆலிவ் என்று மூன்று பேர். (கார்ட்டூனில் புளூட்டோ, கேமில் புரூட்டஸ். ஆள் ஒன்றுதான்.) ஆனால் அந்த நேரத்தில் பாத்திரங்களைப் பயன்படுத்தும் உரிமை கைக்கு வரவில்லை.

இங்கேதான் கதை திரும்புகிறது. உரிமை இல்லை என்றதும் மியாமோட்டோ பாத்திரங்களை விட்டுவிட்டார், அவர்களுக்கு நடுவே இருந்த உறவை மட்டும் வைத்துக்கொண்டார். தடியன் புளூட்டோ இருந்த இடத்துக்கு ஒரு கொரில்லா வந்தது. ஆலிவ் ஒரு சாதாரணப் பெண் ஆனாள். பாப்பாய் இருந்த இடத்துக்கு மீசை வைத்த ஒரு தச்சர். அந்தத் தச்சருக்கு அன்றைக்குச் சரியான பேர்கூட இல்லை, ‘குதிப்பவன்’ என்றுதான் பேர். பிறகு அமெரிக்காவில் நிண்டெண்டோவுக்குக் கிடங்கை வாடகைக்கு விட்டிருந்த மரியோ செகாலியின் பேரை வைத்தார்கள். வாடகைப் பாத்திரம் கிடைக்காததால் பிறந்தவனுக்குக் கிடங்குக்காரர் பேர்! இதைவிடப் பொருத்தம் கிடைக்குமா?

1981-ல் டாங்கி காங் வெளியானது. விற்காமல் கிடந்த ரேடார் ஸ்கோப் பெட்டிகள் டாங்கி காங்காக மாறி விற்றுத் தீர்ந்தன. 1982 ஜூனுக்குள் சுமார் 60,000 பெட்டிகள் விற்றிருந்தன. பாப்பாய் உரிமையும் கடைசியில் கிடைக்கத்தான் செய்தது. அதே 1981-ல் கையடக்க கேமாகவும், 1982-ல் ஆர்கேட்டிலும் பாப்பாய் வந்தான். 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் ஃபேமிகாம் கன்சோல் வெளியானபோது அதோடு வந்த மூன்று கேம்கள் டாங்கி காங், டாங்கி காங் ஜூனியர், பாப்பாய். நம்ம மஞ்சள் கேசட்டில் ரெண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

அதற்குப் பிறகு? டாங்கி காங் நிண்டெண்டோவின் ஒவ்வொரு தலைமுறை மெஷினிலும் உயிரோடு இருந்தது. மூல ஆர்கேட் வடிவமே 2018-ல் ஸ்விட்சுக்கு வந்தது. மரியோவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், 2023-ல் வந்த படம் மட்டும் 130 கோடி டாலருக்கு மேல் வசூல். பாப்பாய் கேமோ, நிண்டெண்டோ பழைய கேம்களை விற்ற வெர்ச்சுவல் கன்சோல் கடையில், அந்தக் கடைகளை மூடும் வரை வரவே இல்லை. எழுதியது நிண்டெண்டோ, வடிவமைத்தது அதே மியாமோட்டோ. ஆனால் மாலுமி அவர்களுடைய ஆள் இல்லை. வாடகைக் காலம் முடிந்தால் வீட்டுக்காரர் சாவியைக் கேட்பார். உள்ளே நீங்கள் அடித்த பெயிண்ட்டையும் போட்ட டைல்ஸையும் பெயர்த்துக்கொண்டு போக முடியாது.

கணக்குப் புத்தகம் சொல்லாத சொத்து

இந்த இடத்தில் பி.காம். படிப்பவர்களுக்கு ஒரு சுவாரசியமான விஷயம். நம் நாட்டுக் கணக்கியல் தரம் ஏ.எஸ். 26-ஐ எடுத்துப் பாருங்கள். காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸைக் கண்ணுக்குத் தெரியாத சொத்தாக ஐந்தொகையில் காட்டலாம். நிறுவனம் தானே வளர்த்த பிராண்டைக் காட்டக் கூடாது. நம்பகமாக மதிப்பிட முடியாது என்பது காரணம்.

காரணம் நியாயமானதுதான். இல்லாவிட்டால் ஆளாளுக்குத் ‘என் பிராண்ட் மதிப்பு ஆயிரம் கோடி’ என்று எழுதிவிடுவார்கள். ஆனால் விளைவைப் பாருங்கள். இந்தத் தரத்தின்படி ஒரு நிண்டெண்டோ கணக்கு எழுதியிருந்தால், முன்பணம் கட்டி வாங்கிய பாப்பாய் சொத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். சொந்தமாகப் பெற்ற மரியோ பூஜ்யம்! வாடகைக்கு வந்தவனுக்கு மதிப்பு உண்டு, வீட்டுப் பிள்ளைக்குக் கிடையாது. வருடா வருடம் பாப்பாயின் மதிப்பு தேய்ந்துகொண்டே வந்து பூஜ்யமாகும். மரியோவின் மதிப்பு ஏறிக்கொண்டே போகும், ஆனால் புத்தகத்தில் தெரியாது.

புத்தகம் எதைக் காட்டுகிறதோ அதைத்தான் மேனேஜர் பார்ப்பார், பேங்க் பார்க்கும், வகுப்பில் வாத்தியாரும் போர்டில் எழுதுவார். அதனால்தான் ‘ஆர்டர் எவ்வளவு வந்திருக்கு?’ என்று கேட்கிற அளவுக்கு ‘சொந்தமா என்ன உருவாக்கியிருக்கோம்?’ என்று யாரும் கேட்பதில்லை. ஒன்றைக் கூட்டிக் கழித்து எழுதலாம். மற்றொன்றை எழுத முடியாது.

கொரில்லா யாருக்குச் சொந்தம்?

சொந்தமாக உருவாக்கினால் மட்டும் நிம்மதி உண்டா? அதுவும் இல்லை. டாங்கி காங் பணம் கொட்டத் தொடங்கியதும் யுனிவர்சல் ஸ்டுடியோ 1982-ல் வழக்குப் போட்டது. ‘கிங் காங் எங்களுடையது, அதைக் காப்பி அடித்துவிட்டார்கள்’ என்றது. பயந்துபோன கொலேகோ நிறுவனம் தன் விற்பனையில் 3 சதவீதம் ராயல்டி கொடுக்க ஒத்துக்கொண்டுவிட்டது. நிண்டெண்டோ மட்டும் நின்று போராடியது.

நீதிமன்றத்தில் தெரிய வந்தது வேடிக்கை. சில வருடங்களுக்கு முன்னால் கிங் காங்கை மறுபடி படமாக எடுக்க விரும்பிய இதே யுனிவர்சல்தான், ‘கிங் காங் கதை யாருக்கும் சொந்தமில்லை, பொதுவானது’ என்று வாதாடி ஜெயித்திருந்தது. தான் வெட்டிய குழியில் தானே விழுந்தது. நிண்டெண்டோ ஜெயித்தது, மேல்முறையீட்டிலும் ஜெயித்தது. வாதாடிய வக்கீல் ஜான் கிர்பி. அந்தப் பேரிலேயே பிறகு நிண்டெண்டோவில் ஒரு இளஞ்சிவப்பு உருண்டைப் பாத்திரம் வந்தது, தெரியும்தானே?

நம் நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம், யோசனைக்குக் காப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்பது. தடியன் ஒருவன், பெண் ஒருத்தி, நல்லவன் ஒருவன் என்ற முக்கோணம் யாருடைய சொத்தும் இல்லை. நம்பியார், சரோஜாதேவி, எம்.ஜி.ஆர். என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள், கச்சிதமாகப் பொருந்தும். கீரை டப்பாவுக்குப் பதில் கடைசி ரீலில் ஒரு சிலம்பம், அவ்வளவுதான் வித்தியாசம்.

வாடகை கெட்டதா?

இவ்வளவு சொன்னதும் ‘அப்படியானால் லைசென்ஸ் வாங்குவதே தப்பா?’ என்று கேட்கலாம். இல்லை. அப்படிச் சொன்னால் அது பொய்.

நிண்டெண்டோ 1889-ல் சீட்டுக்கட்டுக் கம்பெனியாகத் தொடங்கியது. 1959-ல் டிஸ்னியோடு ஒப்பந்தம் போட்டு மிக்கி மவுஸ் படம் போட்ட சீட்டுக்கட்டு விற்றது. சூதாட்டப் பொருள் என்று ஒதுக்கி வைத்திருந்த சீட்டுக்கட்டு அதன்பிறகுதான் குடும்பங்களுக்குள் போனது. குழந்தைகளுக்கு எது பிடிக்கும், கடையில் எப்படி நிற்க வைப்பது என்பதை அவர்கள் கற்றுக்கொண்டது வாடகை மவுஸ் மூலமாகத்தான். வாடகை ஒரு பள்ளிக்கூடம். ஆனால் பள்ளிக்கூடத்திலேயே யாரும் கிழவனாகக் கூடாது.

இதற்கு ஜப்பான் வரை போக வேண்டியதில்லை, ஓசூர் போதும். டி.வி.எஸ். 50 மொபெட் 1980-ல் ஓசூரிலிருந்து வந்தது. பிறகு 1980-களில் சுசூகியோடு கூட்டு. டாங்கில் ரெண்டு பேரும் சேர்ந்து ஒட்டியிருந்த அந்தப் பேரை நம் அப்பாக்களின் தலைமுறை மறக்காது. 2001-ல் கூட்டு முறிந்தது. ‘தொழில்நுட்பம் கொடுத்தவன் போய்விட்டான், இனி இவர்கள் கதை முடிந்தது’ என்று பேசியவர்கள் உண்டு. அதே வருடம் சொந்த வடிவமைப்பில் ‘விக்டர்’ வந்தது. அதற்குப் பிறகு என்ன ஆனது என்பதற்குப் புள்ளிவிவரம் வேண்டாம், எந்த ஊர் பஸ் ஸ்டாண்டிலும் நின்று ரோட்டைப் பார்த்தால் போதும்.

டைட்டனும் அப்படித்தான். டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கியது. ஓசூரில் ஆலை. 1990-களில் டைமெக்ஸோடு கூட்டு வைத்து விலை குறைந்த கடிகாரங்களை விற்றார்கள். கூட்டு முடிந்தபோது அந்த இடத்தை நிரப்பியது சொந்தப் பேரான ‘சொனாட்டா’. கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு வாட்ச் எடுக்கப் போகிற குடும்பங்களுக்கு இந்தப் பேர்கள் எல்லாம் இன்று வீட்டுப் பேர்.

ரெண்டு கதையிலும் ஒரே பாடம்தான். அடுத்தவன் பேரில் வேலை கற்றுக்கொண்டார்கள், கற்றுக்கொண்ட பிறகு தன் பேரைப் போட்டார்கள். மியாமோட்டோவுக்குக் கதவு முதலிலேயே சாத்தப்பட்டது, இவர்களுக்கு நடுவில் சாத்தப்பட்டது. சாத்தின கதவு முன்னால் உட்கார்ந்து அழாமல் பக்கத்திலேயே சுவரை இடித்து வழி செய்துகொண்டதுதான் விஷயம்.

கம்பெனி பஸ்

இப்போது கல்லாவிக்கு வருவோம். இந்த ஊர்ப் பிள்ளைகள் டிகிரி முடித்ததும் கண்ணில் படுகிற முதல் வாய்ப்பு கம்பெனி பஸ்தான். போச்சம்பள்ளி சிப்காட் ஒரு பக்கம், ஓசூர் ஒரு பக்கம், அதைத் தாண்டினால் பெங்களூர். விடிவதற்கு முன் ஷிப்டுக்கு டிபன் பாக்ஸோடு நிற்கிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓசூர் பக்கம் ஐபோனின் பாகங்கள் தயாராகின்றன. அதில் வேலை செய்கிறவர்களில் பெரும்பகுதி இளம்பெண்கள். மழையை நம்பி மாவும் புளியும் ராகியும் பார்த்த குடும்பங்களுக்கு மாதாமாதம் சம்பளம் வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சம்பளம் வராத வீட்டில் இருந்தவர்களிடம் கேட்க வேண்டும். அந்த பஸ்ஸைக் கேலி செய்கிறவர்களுக்கு இந்தக் கட்டுரையில் இடமில்லை.

ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். அந்த பஸ்ஸில் போகிற கைகள் செய்கிற பொருளின் மேல் யார் பேர் இருக்கிறது? நாளைக்கு அந்தப் பேர்க்காரர் ‘வேறு நாட்டில் மலிவாகச் செய்து தருகிறார்கள்’ என்று கிளம்பிவிட்டால் இங்கே மிச்சம் என்ன? கட்டடம் இருக்கும், ரோடு இருக்கும், கை வேலை இருக்கும். கை வேலை பெரிய சொத்துதான், மறுக்கவில்லை. ஆனால் பாப்பாய் கேமை எழுதிய கையும் திறமையான கைதான். திறமை இருந்தும் அந்த கேமை மறுபடி விற்க முடியவில்லை.

கல்லூரிகளிலும் பேச்சு எல்லாம் ‘பிளேஸ்மென்ட்’தான். எத்தனை பேருக்கு வேலை, எவ்வளவு பேக்கேஜ். ஒரு மாணவன் சொந்தமாக ஒரு பேரை, ஒரு பொம்மையை, ஒரு கதையை, ஒரு ஊறுகாய் லேபிளையாவது உருவாக்கினான் என்று போர்டு வைத்த கல்லூரி உண்டா? கிருஷ்ணகிரியின் மாம்பழக்கூழ் எத்தனையோ நாட்டுக்குப் போகிறது. அங்கே ஜூஸ் பாட்டிலின் மேல் வேறு ஊர்க்காரர் பேர்தான் இருக்கிறது. பழம் நம்முடையது, வெயில் நம்முடையது, லேபிள் மட்டும் அவர்களுடையது. லாபத்தின் கொழுத்த பகுதி லேபிளோடு போய்விடுகிறது.

‘சொந்தமா செஞ்சா ஓடுமா?’

நியாயமான ஆட்சேபம். ஓடும் என்று உத்தரவாதம் கிடையாது. கிடங்கில் தூசு படிந்து கிடந்த ரேடார் ஸ்கோப்பும் நிண்டெண்டோவின் சொந்தச் சரக்குதானே! சொந்தம் என்பதாலேயே எதுவும் ஜெயிப்பதில்லை. ஜெயித்த மரியோவைப் பற்றித்தான் எழுதுகிறார்கள், தோற்றவற்றைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு எல்லோரும் கேம் எழுதப் போங்கள் என்று சொல்வது பொறுப்பில்லாத பேச்சு.

ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. வாடகைப் பாத்திரம் தோற்றால் நஷ்டம் உங்களுக்கு, ஜெயித்தால் புகழ் வீட்டுக்காரருக்கு. சொந்தப் பாத்திரம் தோற்றால் நஷ்டம் உங்களுக்குத்தான், ஆனால் ஜெயித்தால் முழுவதும் உங்களுக்கு. நஷ்டம் ரெண்டிலும் உண்டு, மேல்பக்கம் ஒன்றில்தான் திறந்திருக்கிறது. மியாமோட்டோவும் வேலையை விட்டுவிட்டு இதைச் செய்யவில்லை, சம்பளம் வாங்கிக்கொண்டேதான் செய்தார். ஹைதராபாத்தின் கிரீன் கோல்டு 2008-ல் ‘சோட்டா பீம்’ கொண்டுவந்தது. வெளிநாட்டுப் பாத்திரங்களே நிறைந்திருந்த நம் டி.வி.யில் வேட்டி கட்டிய ஒரு பையன் லட்டு தின்று பலம் பெற்றான். லட்டு யாருடைய கீரை என்று சொல்லத் தேவையில்லை :-) ஆனால் பையன் அவர்களுடைய சொந்தப் பையன். அதனால்தான் படம், கேம், பென்சில் பாக்ஸ், பை என்று எல்லாவற்றிலும் அவன் முகம்.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. 1981-ல் ஒரு கேம் செய்ய மரப்பெட்டியும் சர்க்யூட்டும் கிடங்கும் வேண்டும். இன்று ஒரு சுமாரான கம்ப்யூட்டரும் இலவச மென்பொருளும் போதும். கம்பெனி பஸ்ஸில் போகிற ரெண்டு மணி நேரத்தில் கதை யோசிக்கலாம். யோசிக்க யாரிடமும் லைசென்ஸ் வாங்க வேண்டாம்.

கோவிவன்

‘கதைக்கு எங்கே போவது?’ என்பவர்களுக்கு ஒரு விலாசம். கல்லாவியிலிருந்து ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை வழியாகச் செங்கம் பக்கம் போனால், திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே முதலாம் மகேந்திரவர்மன் காலத்து, அதாவது ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உண்டு. மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்த ஒரு வீரனுக்கு எடுத்தது. கல்லில் வீரனோடு ஒரு நாயும் நிற்கிறது. அந்த நாய்க்குப் பேர் கோவிவன். கள்ளர்கள் ரெண்டு பேரைக் கடித்துவிட்டுக் காவலுக்கு நின்றது என்று கல்வெட்டே சொல்கிறது. நாய்க்குப் பேர் வைத்து, அதைக் கல்லில் வெட்டி, 1,400 வருடமாக வைத்திருக்கிறார்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரம் முழுக்க இப்படி நடுகற்கள். ஒருவன் மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறான், ஒருவன் துரத்தி மீட்கிறான். துரத்தல் கேமுக்கு இதைவிட என்ன வேண்டும்? மாடுகள் ஒவ்வொன்றாகக் காட்டுக்குள் மறைவதற்குள் மீட்க வேண்டும் — இதயங்கள் தண்ணீரில் மூழ்குவதற்குள் பொறுக்குவது மாதிரி. துரத்துகிறவன் துரத்தப்படுகிறவனாக மாறும் அந்தச் சில விநாடிகள்தான் கோவிவன். கீரை டப்பா வேண்டாம், நாய் வந்தால் போதும்.

பாப்பாயின் முதல் படத்தொடர் 2025 ஜனவரி 1-ல் அமெரிக்காவில் பொதுச் சொத்தானது. ஐரோப்பாவில் 2009-லேயே ஆகிவிட்டது. 96 வருடம் காத்திருந்து கிடைத்த அந்த மாலுமியை வைத்துப் பேய்ப்படம்கூட எடுத்துவிட்டார்கள். கோவிவனுக்கு யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. அவன் எப்போதோ எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டான். ராயல்டி கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்ப மகேந்திரவர்மன் வரப்போவதில்லை.

யாரோ ஒருவர் முதலில் வரைய வேண்டும், அவ்வளவுதான். அதுவரை நம்ம மஞ்சள் கேசட்டில் 999999 கேம் என்று போட்டிருக்கும். நம்முடையது என்று எண்ணினால் ஒன்றுகூட இருக்காது.